உமியில் கட்டிய பல்

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கும் கறுப்பாகத்தான் வந்தது. சாம்பல் வேறு எப்படி வரும் என்று அறைத்தோழி ஷாகிதா கேட்கிறாள். வெள்ளையாக வரவேண்டும் தாயே, பல்லின் நிறத்தில் வரவேண்டும். நெல் உமியை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து உலையில் எரித்தால் கரியெல்லாம் போய் வெறும் சிலிக்கா மிஞ்சும். அதை மாவாக அரைத்து ரெசினில் குழைத்தால் பல் அடைக்கிற காம்போசிட். குப்பையிலிருந்து பல். இதுதான் பல் மருத்துவ மேற்படிப்பில் என் எம்.டி.எஸ். ஆய்வு. எழுதிக் கொடுக்கும்போது நான்கு வரியில் முடிந்துவிட்டது. இப்போது உலை வாசலிலேயே குடியிருக்கிறேன்.

உமி அப்பாவின் மில்லிலிருந்து வருகிறது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் அப்பாதான் பாய்லர் பார்க்கிறார். மூட்டையைக் கட்டித் தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் 'என் பொண்ணு இதுல பல்லு செய்யுது' என்று சொல்வாராம். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து தன் ஓட்டைப் பல்லைக் காட்டுகிறார். எனக்கு வருகிற எரிச்சலுக்கு அந்த ஆளையும் உலையில் போடலாம் போலிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

வெள்ளை! சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அமிலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். அப்பாவுக்குப் போன் செய்தேன். பாய்லர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சிரித்தார்.

ஆகஸ்ட் 9, சனி

வட்டுகள் செய்து நீல ஒளி காட்டி இறுகவைத்து எந்திரத்தில் உடைத்துப் பார்த்தேன். கடையில் விற்கிற காம்போசிட்டுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஆடாத குறைதான். பேப்பரை எடுத்துக்கொண்டு பரசுராமன் சார் அறைக்கு ஓடினேன். சார்தான் என் வழிகாட்டி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். ஒருவரைக் கவிழ்க்கப்போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார்.

உமி, முட்டை ஓடு, சிப்பி, மீன் செதில் என்று ஆளாளுக்கு அரைத்து வட்டு செய்து உடைத்துக் கட்டுரை போட்டுவிட்டார்களாம். என்னுடையதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டார். வாயில் நின்றதா, எச்சிலில் நின்றதா, சுடச்சுடக் காபியில் நின்றதா? அதைக் காட்டினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்களாம். மனித வாயில் வைக்க அனுமதி வாங்க ஒரு வருஷம் ஆகுமே என்றேன். ஆகும் என்றார். ஜனவரியில் எனக்குத் தேர்வு என்பதும் அவருக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு ஏதோ படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாப்பிடவில்லை. மெஸ்ஸில் இன்று கொத்துப் புரோட்டா, அதையும் விட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அப்பாவுக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய பள்ளம். போன வருஷமே பார்த்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டு, பாய்லர் கரியை நகத்திலிருந்து தேய்த்துக் கழுவிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளினிக்கில் யாரும் இல்லை. ஷாகிதா உதவிக்கு நின்றாள். என்னோடு அதே துறையில் படிக்கிறாள், அதிராம்பட்டினத்துக்காரி, எதற்கும் ஒரு 'ஆனா' வைத்திருப்பாள்.

எக்ஸ்ரேயில் பள்ளத்தின் நிழல் நரம்புக்குப் பக்கம் வரை போகிறது. பக்கம் வரைதான். ஷாகிதா தொட்டுவிட்டது என்றாள். நான் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, தொடவில்லை, நடுவில் ஒரு கோடு தெரிகிறது பார் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இது ரூட் கெனால் கேஸ்டி. அப்பாவுக்குச் சர்க்கரை வேற இருக்கு. மேல அடைச்சு மூடிட்டா உள்ளுக்குள்ளயே அழுகும்."

எனக்குத் தெரியாதா? ஆனால் ரூட் கெனால் செய்துவிட்டால் அது நரம்பெடுத்த பல், செத்த பல். செத்த பல்லில் எதை வைத்தாலும் நிற்கும். உயிருள்ள பல்லில் நின்றது என்று காட்டினால்தான் சார் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்பார். நரம்புக்கு மேல் மருந்து ஒரு படலம் வைத்துத்தான் அடைத்தேன். அப்படிச் செய்வதும் உண்டு. புத்தகத்திலேயே இருக்கிறது.

முடித்து மெருகேற்றி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அப்பா வாயை முழுசாகத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் ஆயி, இது நம்ம மில்லு உமியா?"

அப்பா என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ஆமாம்ப்பா என்றேன். ஜனவரியில் இதைப் படமெடுத்துக் காட்டப்போகிறேன், அதுவரைக்கும் எந்த டாக்டரையும் கைவைக்க விடாதீங்க, நோண்டினால் என் படிப்பு போச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

பதிவேட்டில் சாதாரண அடைப்பு என்று எழுதினேன். ஷாகிதா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள், வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. பரவாயில்லை, எனக்கும் கொஞ்சம் அமைதி வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாரிடம் சொன்னேன். 'நான் எதையும் கேட்கலைம்மா' என்றார். கொஞ்சம் கழித்து, எந்தப் பல் என்று கேட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஊருக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி அப்பா வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளப்பு அப்படியே இருக்கிறது. ஓரத்தில் கறை இல்லை. படம் எடுத்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கொஞ்சம் கூசுகிறது என்றார். புதிதாக அடைத்தால் கூசத்தான் செய்யும், அடங்கிவிடும். அம்மா கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன்.

துணியெல்லாம் அழுக்கு, துவைக்கவேண்டும். சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தண்ணீர் உறிஞ்சும் சோதனை. நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மில்லுக்குப் போனேன். பாய்லருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாசலில் வாழைக்கன்று. அப்பா அதற்குத் தீபாராதனை காட்டும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே, பாய்லர் வரம் கொடுத்துவிடும் போல நின்றார். அவரோடு வேலை பார்க்கிற வீரையன் அண்ணன் ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, 'காட்டுங்க மாமா' என்றார். அப்பா வாயைத் திறக்க, ஆளுக்கொரு தடவை செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஜாஸ்தி.

பொரியும் கடலையும் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பொரிகடலை என்றால் உயிர், மடியில் கொட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறிப்பார். இன்று தன் பங்கை என் பையில் போட்டுவிட்டார். பெண் மேல் திடீர்ப் பாசம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா சுட்ட முறுக்கை அப்பா காபியில் ஊறவைத்துத் தின்கிறார். அதுவும் வலது பக்கமாகவே. கிழவனாகிவிட்டீர்கள் என்று கேலி செய்தேன். 'ஆயிட்டேன்தான்' என்றார். பல்லைப் பார்த்தேன். ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. எட்டு விதக் கோணத்தில் படம் எடுத்தேன், அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் சட்டையை ஊறப்போடும்போது பையில் ஒரு பிடி கிராம்பு இருந்தது. அம்மாவைக் கேட்டால் வெற்றிலைக்கு என்கிறாள். வெற்றிலையை விட்டு வருஷமாகிறதே என்றேன். அவள் எண்ணெய்ச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். இந்த வீட்டில் எதையும் யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். திரும்பவும் வெற்றிலை, பொயிலை என்று ஆரம்பித்திருக்கிறார், அதுதான் சங்கதி. பல் கறை பிடித்தால் என் படமெல்லாம் பாழ். நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 12, புதன்

விடாத மழை. ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. நிறமானி பழுது. யாரைக் கேட்டாலும் நாளைக்கு.

நவம்பர் 21, வெள்ளி

அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மழையில் தொப்பலாக நனைந்து, உமி மூட்டைக்கு மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றதற்கு, சும்மா உன்னைப் பார்க்கத்தான் ஆயி என்றார்.

வந்தது வந்தார், பரிசோதனையை முடித்துவிடலாம் என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் பல்லின் மேல் தட்டிப் பார்ப்பது வழக்கம். வேரில் கோளாறு என்றால் தட்டியதும் ஆள் துள்ளுவான். தட்டினேன். அப்பா துள்ளவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், அவருக்கு இந்த நாற்காலியே பயம். வலிக்குதா என்றேன். இல்லை என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் யாருக்கும் வரும்.

'தட்டினால் வலி இல்லை' என்று எழுதினேன்.

ஷாகிதா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எக்ஸ்ரே எடுத்துடேன் என்றாள். எக்ஸ்ரே அறையில் கூட்டம், அப்பா மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். அவள் அப்பாவைத் தனியே கூட்டிப் போய் ஏதோ கேட்டாள். அப்பா வேகவேகமாகத் தலையை ஆட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், உதட்டை மூடிக்கொண்டு.

டிசம்பர் 3, புதன்

ஷாகிதாவோடு பெரிய சண்டை. நான் படத்தை மட்டும் பார்க்கிறேனாம், ஆளைப் பார்க்கவில்லையாம்.

"உன் அப்பாவோட முகத்தைப் பாத்தியாடி? தாடை வீங்கிருக்கு. என்னைப் பெத்தவரா இருந்தா அன்னிக்கே அந்த அடைப்பைத் தோண்டி எடுத்திருப்பேன்."

உன் அப்பா இல்லையே, என் அப்பாதானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் வாப்பா இறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பொறாமை அவளுக்கு, அவள் ஆய்வு இன்னும் அறிமுகத்தைத் தாண்டவில்லை. அப்பாவுக்கு எப்போதுமே கொஞ்சம் பூசின முகம்தான்.

படுக்கையை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

அம்மாவுக்குப் போன். அப்பா முகம் வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். பனி, தலையில் துண்டு கட்டாமல் போகிறார், அதனால் என்றாள். பக்கத்தில் அப்பா ஏதோ சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. சரி, அம்மாவே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

சென்னை. இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் மெல்லும் எந்திரம் இருக்கிறது. ஒரு வாய் பல வருஷம் மெல்லுவதை இது சில நாளில் மென்றுவிடும். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி முக்கி எடுக்கும். என் வட்டுகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். டக் டக் என்று அது மெல்லுகிற சத்தத்தில் நான் சாப்பிடுவதே குறைந்துவிட்டது.

டிசம்பர் 27, சனி

தேய்மானம் குறைவு. விரிசல் இல்லை. வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். கரும்பு ஜூஸ் கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்றார். பாஸ் ஆயிடுவேன் அண்ணே என்றேன்.

ஜனவரி 5, திங்கள்

திரும்பி வந்தாயிற்று. வியாழக்கிழமை தேர்வு, வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். அப்பாவைப் புதன்கிழமை வரச் சொன்னேன், கடைசியாக ஒரு படம் எடுக்கவேண்டும். உடம்புக்கு முடியவில்லை, ஜுரம் என்று அம்மா சொன்னாள். இந்த நேரத்திலா? பழைய படத்தை வைத்து ஒப்பேற்றவேண்டியதுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

அப்பாவோடு பேசினேன். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளை மறுநாள் தேர்வு, இங்கே நான் தூங்காமல் செத்துக்கொண்டிருக்கிறேன்.

"என்னப்பா, வாயில பொயிலையை அதக்கிக்கிட்டா பேசறீங்க?"

எச்சிலை விழுங்க முயல்கிற மாதிரி ஏதோ கேட்டது.

"ஆமா ஆயி," என்றார். "கொஞ்சூண்டு."

போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

முடிந்தது. மிக நன்றாக முடிந்தது. அப்பாவின் பல்லைத் திரையில் சுவர் அளவுக்குப் போட்டேன். யார், என்ன என்று சொல்லாதே, ஒரே ஒரு ஸ்லைடு போதும் என்று சார் சொல்லியிருந்தார். தேர்வாளர் ஒருவர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். எங்கே அடைப்பு முடிகிறது, எங்கே பல் தொடங்குகிறது என்றே தெரியவில்லையே என்றார். கைதட்டினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. பொங்கல் சாமான் வாங்கப் போயிருப்பார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. வீரையன் அண்ணன்தான் விடியற்காலையில் போன் செய்தார். மில்லில் மயங்கி விழுந்துவிட்டாராம். ஜுரத்தோடு ஏன் மில்லுக்குப் போனார்?

தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் வீங்கி, பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வாயை மூட முடியவில்லை. எச்சில் வழிகிறது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இறுதியாண்டில் எங்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த விஷயம். பல்லின் வேரிலிருந்து சீழ் இறங்கி நாக்குக்கு அடியில் பரவும், பிறகு மூச்சுக்குழாயை அடைக்கும். பேச்சு, வாயில் சுடுசோறு வைத்தது போலக் குழறும் என்று அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. நான் அதில் நல்ல மதிப்பெண்.

கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. அது இருக்கும்வரை பேச முடியாது. என்னைப் பார்த்ததும் விரலால் திரையில் படம் ஓடுகிற மாதிரி செய்து காட்டினார். தேர்வு என்ன ஆச்சு என்று கேட்கிறார். பாஸ் ஆயிட்டேன்ப்பா என்றேன். கட்டைவிரலைத் தூக்கினார்.

ஜனவரி 10, சனி

அம்மா இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். கார்த்திகையிலேயே வலி தாங்காமல் மன்னார்குடியில் ஒரு பல் டாக்டரிடம் போனார்களாம். அவர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, அடைப்பை எடுத்துவிட்டு வேரைச் சுத்தம் செய்யவேண்டும் என்று சொல்லிக் கருவியைக் கையில் எடுத்தாராம். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"ஜனவரி வரைக்கும் தொடக்கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லிருக்குன்னாருடி. நான் எவ்வளவோ மன்னாடினேன். அதை நோண்டிட்டா பொண்ணு படிப்பு போயிரும்னாரு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நவம்பரில் மழையில் வந்தது சும்மா பார்க்க இல்லையாம். நானே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று நினைத்தாராம். நானாகச் சொன்னால் எடுத்துவிடலாம், தானாகச் சொல்லக்கூடாது என்று இருந்தாராம்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அந்தப் பல்லைப் பிடுங்கிச் சீழை எடுத்தார்கள். அறுவை செய்தவர் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர், எங்கள் கல்லூரியில் படித்தவர். நம் வழக்கப்படி பஞ்சுத்துணியில் மடித்து என் கையில் கொடுத்தார். வேர்நுனியில் பை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே அடைப்பு பளபளவென்று இருந்தது. யார் போட்டது, நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

தெரியவில்லை என்றேன்.

ஷாகிதா வந்திருந்தாள். அம்மாவுக்கு இட்லி வாங்கிக்கொடுத்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் தேவலாம் என்று இருந்தது. திட்டினால்கூடத் தேவலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

சீழ் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மத்தியானம் அப்பா போய்விட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

போகி. தெருவெல்லாம் பழசை எரித்த புகை. எங்கள் வீட்டு வாசலில் பந்தல்.

தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். வீக்கத்தில் அது நிற்கவில்லை, வாய் ஒரு பக்கமாகத் திறந்தே இருந்தது. வாய்க்கரிசி போடுகிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மில்காரர்கள் ஒரு சின்னப் பையில் அரிசி கொண்டுவந்திருந்தார்கள், அப்பாவின் பாய்லரில் அவிந்த நெல்லில் அரைத்ததாம். பெரியப்பா மகன் போட்டான். அம்மா போட்டாள். மில் ஆட்கள் வரிசையாக வந்து போட்டார்கள், ஆயுத பூஜையன்று பார்க்க வந்த அதே ஆட்கள்.

என் முறை வந்தபோது வலது கையில் அரிசி. இடது கையில் மடித்த துணி, அதைக் காலையிலிருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவரோடதை அவரிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வந்தேன். குனிந்தேன். அந்த இடம் காலியாக, கறுப்பாகத் தெரிந்தது. அரிசி உதட்டில் விழுந்து கன்னத்தில் உருண்டது. இடது கையைத் திறக்கவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நகரும்மா என்று யாரோ தோளைத் தொட்டார்கள். நகர்ந்தேன்.

அப்பா. அப்பா. அப்பா.

ஜனவரி 24, சனி

சார் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவிடம் கைகூப்பினார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அந்தப் பல் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். பிடுங்கியதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே என்றார். இல்லை சார், உப்புநீரில் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன்.

எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அப்பாவைக் கொண்டுபோன மறுநாளோ என்னவோ. பல் காய்ந்தால் விரிசல் விட்டுவிடும், சோதனைக்கு ஆகாது. கை தானாகச் செய்திருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

கல்லூரிக்கு வந்துவிட்டேன். ஷாகிதா வேறு அறைக்கு மாறிவிட்டாள். அவள் படுக்கை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

பல்லை வைர ரம்பத்தில் வைத்து நீளவாக்கில் அறுத்தேன். மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே ஓரிடத்தில்கூட இடைவெளி இல்லை. எச்சில் இறங்கவில்லை, கறை இறங்கவில்லை. கீழே நரம்பு இருந்த அறை மட்டும் காலியாகக் கிடந்தது. நரம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா," என்றார் சார். "ஆறு மாசம் வாயில நின்னிருக்கு."

ஐந்து மாதம்தான் சார் என்று திருத்தினேன். படத்துக்குக் கீழே என்ன பெயர் போடலாம் என்று கேட்டார். மாதிரி ஒன்று என்று போட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆய்வகத்தில் வட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், காவலாளி வந்து யாரோ ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றார். வீரையன் அண்ணன். தோளில் மூட்டை. மார்கழியிலேயே அப்பா சலித்துக் கட்டி வைத்தது, பாய்லர் ரூம் மூலையில் கிடந்தது, பொண்ணுக்கு அனுப்பணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் நானே கொண்டுவந்தேன் என்றார். எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். இனிமேல் உமி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். அப்பா எதனால் போனார் என்று மில்லில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தொண்டையில் ஏதோ கட்டி என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள்.

"கடைசி வரைக்கும் அந்தப் பல்லைப் பத்திதான் பேச்சு மாமாவுக்கு," என்றார். "நான்கூட கேலி பண்ணுவேன், உமி நிக்குமா மாமா, நாலு நாள்ல பேந்துரும்னு. நீ வேணா பாருடா, நான் போனாலும் அது நிக்கும்பாரு. நின்னுச்சாம்மா?"

உலையைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"நின்னுச்சுண்ணே."

சந்தோஷம் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மூட்டை அப்பா கட்டிய முடிச்சோடு அங்கேயே இருக்கிறது.